வட்டுக்கோட்டை செமினறி: போதகர்களைத் தேடியவர்கள் பட்டதாரிகளைக் கண்ட கதை

வட்டுக்கோட்டை என்ற பெயரைக் கேட்டதும் இன்று உலகெங்கும் பரந்து வாழும் ஈழத்தமிழரில் பெரும்பாலானோருக்கு 1976 மே மாதத்தில் நிறைவேறிய தீர்மானமே நினைவுக்கு வரும். சற்று வயது கூடியவர்களுக்கு, வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குத் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்று விடை சொன்ன பழமொழியும் நினைவுக்கு வரலாம். கேட்டது ஒன்று, கிடைத்த விடை வேறொன்று. தீர்மானத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அதே ஊரில் எழுந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் மட்டுமே நிலைத்த ஒரு கல்விக்கூடத்தின் கதைக்கும் அந்தப் பழமொழி நன்றாகப் பொருந்தும். சுதேச போதகர்களை உருவாக்குவதற்கென்று தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் பதிப்பாசிரியர்களையும், பத்திரிகையாளர்களையும், கணித நூலாசிரியர்களையும், அரசாங்க உத்தியோகத்தர்களையும், ஈற்றில் சைவப் பெரியார்களையுங்கூட உருவாக்கியது. போதகர்கள்தாம் குறைவாகவே கிடைத்தார்கள். அதுவே அதன் மூடுவிழாவுக்கும் காரணமாயிற்று.

பற்றிக்கோட்டா செமினறி என்று அக்காலத்தில் வழங்கிய இந்த நிறுவனத்தைப் புரிந்து கொள்வதற்கு நாம் முதலில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1805 இல் ஹாவார்ட் கல்லூரியின் இறையியல் பேராசிரியராக ஹென்றி வெயர் நியமிக்கப்பட்டார். இவர் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையும் திரித்துவக் கோட்பாட்டையும் ஏற்காத யுனிற்றேரியன் சிந்தனைப் பிரிவைச் சேர்ந்தவர். பழைய கல்வினிய நம்பிக்கையில் ஊறியிருந்தவர்கள் இதனால் கொதித்தெழுந்து, தமக்கெனத் தனியாக 1807 இல் அன்டோவர் இறையியல் செமினறியை நிறுவினார்கள். அதுவரை அமெரிக்காவில் போதகராக விரும்பும் இளைஞர், கல்லூரிப் படிப்பை முடித்தபின் அனுபவமுள்ள போதகர் ஒருவரின் வீட்டில் தங்கி, நமது திண்ணைப் பள்ளி முறையில் என்று சொல்லத்தக்க விதத்தில், இறையியல் பயின்று வந்தார். கல்லூரிப் பட்டத்துக்கு மேலாக மூன்றாண்டு முறையான இறையியல் பாடநெறி என்ற ஒழுங்கு அன்டோவரோடு அங்கு வேரூன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியில் 1810 இல் தொடங்கிய பேர்லின் பல்கலைக்கழகத்தில் இறையியலுக்கு ஓர் இடம் உண்டா என்ற விவாதம் எழுந்ததும், சட்டம், மருத்துவம் போன்று அதுவும் ஒரு தொழில்சார் அறிவுத்துறையே என்று ஷிலையர்மாகர் நிலைநிறுத்தியதும் கிறிஸ்தவ வரலாற்று மாணவர்கள் அறிந்தவை. கிறிஸ்தவ குருத்துவம் பக்தியை மட்டுமன்றிக் கல்விப் பயிற்சியையும் வேண்டுவது என்ற எண்ணம் இருவேறு வழிகளில் உறுதிப்பட்ட காலம் அது.

அந்த அன்டோவரில் இருந்துதான் யாழ்ப்பாணத்துக்கு ஆட்கள் வந்தார்கள். 1815 ஒக்டோபரில் நியூபரிப்போட் துறைமுகத்தில் இருந்து ட்றையட் என்ற பாய்க்கப்பலில் புறப்பட்ட டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வேட் வாரன் ஆகியோர் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்று பாழடைந்து கிடந்த தேவாலயங்களைத் திருத்தி அமைத்துக் குடியேறினார்கள். தேசாதிபதி பிறவுண்றிக் அனுமதித்தபடியால் வந்தார்களே தவிர, அமெரிக்கர் என்ற காரணத்தால் ஆங்கில ஆட்சியாளரின் சந்தேகம் அவர்களைத் தொடர்ந்தது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் போரிட்டு ஓய்ந்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. 1820 இல் அச்சுக்கூடத்துடன் வந்த கரெற் என்ற அச்சாளரைப் பதில் தேசாதிபதி பார்ண்ஸ் நாட்டைவிட்டு வெளியேறச் செய்தார். அதன்பின் 1833 வரை புதிய அமெரிக்கர் எவரும் மிஷனுக்கு வந்துசேரவில்லை. வாரன் 1818 இலும் றிச்சட்ஸ் 1822 இலும் காலமானார்கள். பூவரின் மனைவியார் 1821 இல் மறைந்தார்.

வெளியில் இருந்து ஆள் வரமுடியாது என்றானபின் உள்ளூரிலேயே ஆட்களை உருவாக்குவதைவிட வேறு வழியில்லை. செமினறி பிறந்ததற்கு உயர்ந்த இலட்சியம் ஒரு காரணம் என்றால், அரசின் இந்தத் தடை மற்றொரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1823 இல் பூவரும் அவரது சகாக்களும் தமிழ் இளைஞருக்கான கல்லூரி ஒன்றின் திட்டத்தை அச்சிட்டு அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பினார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து நோக்கும்போதும் அத்திட்டத்தின் துணிவு வியப்பளிக்கிறது. ஆங்கிலமும் மேனாட்டு விஞ்ஞானமும் கற்பிக்கப்படும், தமிழ் இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்பிக்கப்படும், சமஸ்கிருதமும் உண்டு, தேர்ந்த சிலருக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகியனவும் உண்டு என்பது திட்டம். கல்லூரி என்ற தகுதிக்கான அரசாங்கப் பட்டயம் கிடைக்கவில்லை. எனவே செமினறி என்ற பெயரே நிலைத்தது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நல்லூரில் ஒல்லாந்தர் 1690 இல் ஒரு செமினறியை நிறுவியிருந்தார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் 1716 இல் தொடங்கிய பயிற்சிக்கூடமும், அங்கு 1733 இல் ஆரோன் என்ற தமிழர் முதற் புரட்டஸ்தாந்து போதகராகக் குருப்பட்டம் பெற்றதும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றின் மைல்கற்கள். வங்காளத்தில் 1818 இல் கேரி முதலானோர் தொடங்கிய சிராம்பூர்க் கல்லூரி 1827 இல் டென்மார்க் மன்னரிடம் இருந்தே பட்டயம் பெற்றுவிட்டது. சிராம்பூர் டேனியக் குடியேற்றமாக இருந்தமையால் அது கைகூடியது. பூவருக்கு அப்படி ஓர் அரசர் அகப்படவில்லை.

செமினறியில் வந்து சேர்ந்த மாணவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. பெரும்பாலானோர் வேளாளக் குடும்பத்துப் பிள்ளைகள். கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ணமாட்டோம் என்று அவர்கள் மறுத்ததால், ஆரம்ப காலத்தில் சமையற்கூடத்தை வளவுக்கு வெளியே வைத்துக்கொள்ள மிஷனரிமார் இணங்க வேண்டியிருந்தது. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று போதிக்க வந்தவர்கள் அடுப்படியில் தோற்றார்கள். அமெரிக்காவில் உள்ள உபகாரிகள் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பேற்றுப் பணம் அனுப்ப, அந்த உபகாரி விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்து விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும், சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும், தாமோதரம்பிள்ளை சாள்ஸ் வின்சிலோ கிங்ஸ்பரி ஆனதும் இவ்வாறே. சி.வை. தாமோதரம்பிள்ளை என்று நாம் எல்லோரும் மரியாதையுடன் உச்சரிக்கும் பெயரில், தந்தையார் வைரவநாதபிள்ளையின் ‘வை’ யும் தாமோதரமும் போக எஞ்சும் அந்தச் ‘சி’ அவரது ஊராகிய சிறுப்பிட்டியைக் குறிக்கும் என்பார்கள். அவரது ஆங்கில முதலெழுத்தில் வருவதோ சாள்ஸ்.

இறையியல் போதனை எவ்வாறு நடந்தது என்பதில்தான் இந்த நிறுவனத்தின் தனித்தன்மை இருக்கிறது. வேதாகமமும் கிறிஸ்தவ சமயத்துக்கான சான்றுகளும் கற்பிக்கப்பட்டன என்பதில் புதுமை எதுவுமில்லை. ஆனால் பூவர் வானசாஸ்திரத்தையே தமது முதற் பிரசங்க மேடையாக்கிக் கொண்டார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றி வட்டுக்கோட்டையின் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணிப்பை வெளியிட்டிருந்தார். தொடங்கும் நேரத்திலும், சந்திரபிம்பம் மறைபடும் அளவிலும் அது பிழையானது என்று பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகண இரவில் ஊர் கூடிப் பார்த்தது. பூவரின் கணக்கே சரியாயிற்று. பஞ்சாங்கம் தவறினால் புராணமும் தவறும், புராணம் தவறினால் சமயமும் தவறும் என்பது அவரது தர்க்கம். கெட்டிக்காரத்தனமான தர்க்கம்தான். ஆயினும் இருபுறமும் வெட்டும் கத்தி அது. கிரகணத்தைச் சரியாகக் கணிக்கக் கற்ற மாணவன், அதே அளவுகோலை ஆதியாகமத்தின் ஆறு நாட் படைப்பின் மீதும் வைக்கமாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணிதம் கற்பித்தால் அவன் முதலில் கணிதன் ஆகிறான்.

பூவர் 1836 இல் மதுரை மிஷனுக்குப் போனதை அடுத்து அதிபரான ஹென்றி ஹொய்சிங்ரன் இன்னும் ஆழமாகப் போனார். இவர் 1848 இல் வானசாஸ்திர பாடநூல் ஒன்றை வெளியிட்டவர். ஆனால் அவரது பெயர் நிலைத்திருப்பது வேறொன்றால். சைவத்தை எதிர்ப்பதானால் அதன் புராணக் கதைகளைப் பரிகசிப்பது போதாது, அதன் தத்துவத்தை அதன் சொந்த நூல்களிலேயே கற்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854 இல் அமெரிக்கக் கீழைத்தேய சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயின. மெய்கண்டாரை மேனாட்டு அறிவுலகுக்கு முதன்முதலில் விரிவாக அறிமுகம் செய்தவர்களில் ஒருவர் ஒரு கிறிஸ்தவ செமினறியின் அதிபர் என்பதைச் சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒருசேர மறந்துவிட்டார்கள். ஜீ. யூ. போப் ஐயரின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900 ஆம் ஆண்டில் வந்தது. ஹொய்சிங்ரன் அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தியவர்.

1841 ஜனவரி 7 ஆம் திகதி வெளிவரத் தொடங்கிய உதயதாரகையை நடத்திய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினறியின் பிள்ளைகள். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறேன். தமிழில் செய்தி எழுதுவது என்பதற்கு முன்மாதிரியே இல்லாத காலம் அது. பூகோளமும், மருத்துவமும், அரசாங்க நியமனங்களும், சைவருடனான வாதப் பிரதிவாதங்களும் ஒரே தாளில் அடுத்தடுத்து வந்தன. வசனநடை என்ற ஒன்றை இவர்கள் தேவையின் நிமித்தம் உருவாக்கிக் கொண்டார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் பின்னர் அதன் ஆசிரியராக இருந்தவர். 1886 இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கு இன்றும் ஆதாரநூல். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தர்க்கவியலைத் தமிழில் நியாய இலக்கணம் என எழுதினார். கறோல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் எழுதினார். 1845 முதல் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனென்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இணையாக வைக்கத்தக்கது என்ற பொருளில் வட்டுக்கோட்டையைப் பாராட்டி 1850 இல் எழுதினார்.

பாராட்டு உச்சத்தில் இருந்தபோதே அத்திவாரம் அசையத் தொடங்கியிருந்தது. 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின் ஆங்கிலம் தெரிந்த சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகக் கதவு திறந்தது. மறுபுறம், 1837 இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியால் மிஷனுக்கு வரும் பணம் வெட்டப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப் பாடசாலைகள் மூடப்பட்டன. பிற்காலத்தில் செமினறியில் கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவர் தொகை கூடிற்று. கட்டணம் செலுத்துகிறவன் எதற்காகப் படிக்கிறான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரசங்கபீடத்தைவிடக் கச்சேரி மேசையில் சம்பளம் பன்மடங்கு. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதோடு, கல்வி வேண்டுமாயின் கிறிஸ்தவரிடம்தான் போக வேண்டும் என்ற நிலையும் மாறத் தொடங்கியது.

இந்தச் சூழ்நிலையில்தான் றூபஸ் அன்டர்சன் வருகிறார். இவர் பொஸ்ரனில் இருந்த அமெரிக்க மிஷன் சங்கத்தின் வெளிநாட்டுச் செயலாளர். திருச்சபை தன்னைத்தானே ஆளவேண்டும், தன்னைத்தானே தாங்க வேண்டும், தன்னைத்தானே பரப்ப வேண்டும் என்ற மூன்று சுயங்களின் கோட்பாட்டை இங்கிலாந்தின் ஹென்றி வென்னுடன் சமகாலத்தில் வகுத்தவர். நவீன கிறிஸ்தவ மிஷன் வரலாற்றில் இதைவிடச் செல்வாக்குப் பெற்ற கோட்பாடு அரிது. பின்னாளில் சீனத் திருச்சபை வரை அதன் எதிரொலி கேட்டது. மேனாட்டு நாகரிகத்தைப் புகட்டுவது மிஷனரியின் வேலையன்று. தாய்மொழியில் பயின்று, தன் கிராமத்துச் சபை கொடுக்கக்கூடிய சம்பளத்தில் வாழக்கூடிய சுதேச போதகரே தேவை என்பது அவரது நிலைப்பாடு. 1855 இல் அவரும் அவரது சகாவும் யாழ்ப்பாணம் வந்து நிலைமையை ஆராய்ந்தனர். நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின்னும் குருப்பட்டம் பெற்ற தமிழர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தனர். பயிலும் மாணவரில் திருச்சபையின் அங்கத்தவர்கள் சிறுபகுதியினர். முடிவு எடுக்கப்பட்டது. அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது. மதுரைப் பக்கத்தில் அதே மிஷனின் பசுமலை செமினறியும் தாய்மொழிக் கல்விக்குத் திருப்பப்பட்டது.

பூவர் ஐயர் அந்த முடிவைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு பெப்ரவரியில், அன்டர்சன் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், மானிப்பாயில் கொள்ளைநோயாகப் பரவிய வாந்திபேதியில் அவர் காலமாகிவிட்டார்.

அன்டர்சன் எழுப்பிய கேள்வி சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தன் மக்களின் மொழியில் பேசத் தெரியாத, தன் சபையின் வருமானத்தில் வாழ முடியாத போதகரால் யாருக்கு என்ன பயன்? ஆனால் அவர் கண்ட பரிகாரத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தன்னைத்தானே ஆளவேண்டிய திருச்சபைக்கு எந்த மொழியில் கல்வி வேண்டும் என்பதை அந்தத் திருச்சபையிடம் விடாமல் பொஸ்ரன் தீர்மானித்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் ஆங்கிலக் கல்வியைக் கைவிட விரும்பவில்லை. மறு ஆண்டே வட்டுக்கோட்டையில் உள்ளூரவரின் முயற்சியில் ஓர் ஆங்கில உயர் பாடசாலை எழுந்தது. சுயசார்பு என்ற கோட்பாட்டின் முதற் சான்று அதைப் போதித்தவருக்கு எதிராகவே அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது. அமெரிக்காவிலும் எதிர்ப்பு எழுந்தது. அன்டர்சனின் பயணமும் முடிவுகளும் பற்றி ஆராய 1856 மார்ச்சில் அல்பனி நகரில் சங்கத்தின் விசேட கூட்டமே நடத்த வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தை மட்டும் கற்பித்தார்கள் என்பது உண்மையன்று. ஆங்கிலமும் தமிழும், விஞ்ஞானமும் சித்தாந்தமும் ஒரே கூரையின்கீழ் இருந்ததே அதன் பலம். அன்டர்சன் ஆங்கிலத்தை அகற்றியபோது தமிழ் தானாகவே மேலோங்கிவிடவில்லை. பின்னர் அமைந்த தாய்மொழிப் பயிற்சிக்கூடம் தெல்லிப்பழைக்கு இடம்மாறி நல்ல ஆசிரியர்களையும் உபதேசிமாரையும் உருவாக்கியது. ஆயினும் மெய்கண்டாரைப் படித்து விவாதிக்கும் களமாக அது இருக்கவில்லை. இதற்கு ஒரு விதிவிலக்காக மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களைத் தமிழாக்கி, 1873 வரை அந்தப் பணியைத் தொடர்ந்தார். தமிழில் உயர்கல்வி இயலும் என்பதை நிரூபித்தவர் அவர். ஆனால் அவருக்குப் பின் அதைத் தொடர ஆள் இல்லை. தமிழில் வைத்தியம் கற்றவர்களுக்கு அரசாங்கத்தில் இடம் இல்லாமற் போனதே முக்கிய காரணம். மொழிக்கொள்கையை வகுப்பவர்கள் வேலைவாய்ப்பை மறந்துவிடுவது அன்றும் நடந்தது.

செமினறி மூடப்பட்ட இரண்டு ஆண்டுகளில், 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பீ.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவருமே பின்னர் சைவத்துக்குத் திரும்பினார்கள். விசுவநாதபிள்ளை கிறிஸ்தவராக இருந்த காலத்தில் சைவத்தைக் கண்டித்து எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பாடபேதங்களை ஒப்பிடுவதும், எந்த ஏடு எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பதிப்புரையில் தெரிவிப்பதுமான அவரது பதிப்பு முறைக்கு வேதாகம மூலங்களை ஆராயும் மேனாட்டுக் கல்வி எவ்வளவு துணைநின்றது என்பது ஆராயப்பட வேண்டிய விடயம். நேரடிச் சான்று காட்டுவது எளிதன்று. எனினும் ஏட்டுக்கு ஏடு வித்தியாசப்படும் என்பதை நூலின் மகிமைக்குக் குறைவாகக் கருதாத மனப்பான்மை அவருக்கு எங்கோ பயிற்சியாகக் கிடைத்திருக்க வேண்டும்.

1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. ஹேஸ்ரிங்ஸ் முதல் அதிபர். அது பொதுக் கல்விக்கான நிறுவனம். அதன் மாணவர்களும் ஏனைய ஆங்கிலப் பாடசாலைகளின் மாணவர்களும் மலாயாவின் புகையிரதப் பகுதியையும் இலங்கையின் கந்தோர்களையும் நிரப்பினார்கள். இறையியல் கல்வி இங்கிருந்து கடல் கடந்தது. 1910 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரிக்கே குருத்துவ மாணவர் பலர் சென்றார்கள். தெல்லிப்பழையைச் சேர்ந்தவரும், உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பெயர் பெற்றவருமான டி.ரி. நைல்ஸ் அங்கு பயின்றவரே. சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிப்பதற்கென அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் திருச்சபைகள் இணைந்து கண்டிக்கு அண்மையில் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கியது 1963 இல்தான். தாய்மொழியில் குருமாரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற அன்டர்சனின் வாதம் நூறாண்டுக்கு மேல் சென்றபின், உள்ளூர்த் திருச்சபைகளின் தீர்மானத்தால், நாட்டின் மொழிச்சட்டங்கள் உருவாக்கிய சூழலில் நிறைவேறியது.

ஹொய்சிங்ரன் விட்ட இடத்தைத் தொட்டவர் வேறொருவர். அமெரிக்க மிஷனின் சபைகள் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து யாழ்ப்பாண ஆதீனம் ஆனபோது, அதன் முதற் பேராயராக சபாபதி குலேந்திரன் அபிடேகம் பெற்றார். வட்டுக்கோட்டைத் தேவாலயமே அவரது பேராலயம். செமினறி மாணவர்கள் அமர்ந்து பிரசங்கம் கேட்ட அதே கட்டடம். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற கோட்பாட்டை ஒப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1964 இல் வெளியாயிற்று. சிவஞானபோத மொழிபெயர்ப்பு வெளிவந்து அப்போது சரியாக 110 ஆண்டுகள் ஆகியிருந்தன. இம்முறை சித்தாந்தத்தைப் படித்து எழுதியவர் ஒரு தமிழர்.